எட்டாவது ஈசிஜி

திருமழிசைத் தொழிற்சாலை ஒன்றில் மருத்துவ முகாம். ஒரே வரிசையில் நின்று வேலை பார்க்கும் எட்டுப் பெண்களில் ஏழு பேருக்கு இஃபத் ஈசிஜி எடுத்து முடித்தாள். ஏழு தாளிலும் அலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. வழக்கத்தைவிட உயரமாகவும் இருந்தன.

"ஏம்மா, மாஸ்க் போட்டுகினு ஒரே ஆளே திரும்பத் திரும்ப வர்றீங்களா?"

ஏழு பேரும் மாஸ்க்கைக் கழற்றினார்கள். முகங்கள் வேறு வேறுதான்.

"ஓவர்டைம் கீது மேடம், சீக்கிரம் உடுங்க" என்றாள் மூத்தவள் சாமுண்டீஸ்வரி.

எட்டாவதாக ஜீவா வந்து படுத்தாள். தாளில் நேர்கோடு ஓடியது. இஃபத் ஒயர்களை மாற்றினாள். மறுபடியும் நேர்கோடு. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இல்லை.

ஜீவா எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"பயந்துக்காதீங்க மேடம். இன்னிக்கு இவங்களுக்குத் துடிப்பக் குடுக்குற முறை என்னுது. நாளைக்கு சாமுண்டி அக்கா."