உரக்குழியில் ஒரு வேளைச் சோறு

ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்றுதான் அவள் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகல். குடியிருப்பில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் உண்ட மயக்கத்தில் இருந்தார்கள்.

கூட உட்கார்ந்திருந்த காவலாளிக்கு அலுத்துவிட்டது.

"ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கீங்களே அக்கா. காய்கறித் தோலு கெடக்கிற குழியில திருட என்ன இருக்கு?"

"திருடுறவனப் பிடிக்க வரல. கொட்டுறவனப் பிடிக்க வந்திருக்கேன்."

பின்கட்டில் இருந்த அந்த உரக்குழி அவள் போட்டது. அவளுக்குப் பேரே 'உரக்குழி அக்கா' என்று ஆகிவிட்டது. அம்மா நோயில் விழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவே கதியென்று கிடந்தவள், அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வெளியே தலைகாட்டியதே இந்தக் குழிக்காகத்தான். தோலும் தேயிலைச் சக்கையும் ஒரு வாளி, மற்றதெல்லாம் இன்னொரு வாளி என்று வீடு வீடாக ஏறி இறங்கிப் பழக்கினாள்.

வாசலில் நாறிக்கொண்டிருந்த குப்பைமேடு போய், அந்த இடத்தில் பிள்ளைகள் இப்போது பந்து விளையாடுகிறார்கள். மதிலோரம் பூசணிக்கொடி ஓடுகிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்து, எங்களுக்கும் ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. சமைத்ததைப் போடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும், யாரோ தினமும் ஒரு வேளைச் சோற்றைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சோற்றுக்கு எலி வந்தது. வந்த எலி கீழ்வீட்டு வக்கீலின் காருக்குள் புகுந்து வயரைக் கடித்து வைத்தது. வக்கீல் குதித்த குதியில், சாயங்காலம் கூட்டம். அதற்குள் ஆள் அகப்படாவிட்டால் மண்ணள்ளிப் போட்டுக் குழியை மூடிவிடுவது என்று பேச்சு.

அவள் சந்தேகம் மூன்றாம் மாடிப் பையன்கள்மேல். காவலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பசங்க தட்டையும் சேத்துத் தின்னுவானுங்க. இவன் வேற மாதிரி. கொட்டிட்டு, நீங்க சொல்லிக்குடுத்தாப்லயே காஞ்ச எலய மேல தூவிட்டுப் போயிருக்கான். மரியாதக்காரத் திருடன்."

அவளுக்கு இன்னும் எரிந்தது. சோற்றின் அருமை தெரியாத ஜென்மம் என்று மனசுக்குள் திட்டினாள். அப்பா ஞாபகம் வந்தது.

மகள் வீட்டோடு வந்து இருக்க மாட்டேன் என்று அதே குடியிருப்பில் எதிர்க் கட்டடத்தில் தனியாக இருக்கிறார் அப்பா. விடியுமுன் எழுந்து அவருக்குச் சமைத்து, டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். சாயங்காலம் போனால் டப்பா பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருக்கும். ஒரு நாள் உப்பே போடவில்லை என்று ஆபீசில் வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. பதறிக்கொண்டு போனவளிடம், இன்னிக்குத்தாம்மா உப்பு உறைப்பெல்லாம் சரியா அமைஞ்சிருந்துச்சு என்றார். பெண் மனசு நோகக்கூடாது என்று இப்படியும் ஒரு மனிதரா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு பருக்கை மிஞ்சாது என்று போன கூட்டத்தில்கூடப் பெருமையடித்திருந்தாள். அப்பா அப்போது தொளதொளச் சட்டைக்குள் சுருங்கிக்கொண்டார். கூச்சம் என்று நினைத்தாள்.

சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது.

வெயிலுக்குத் துண்டை முக்காடாகப் போட்ட உருவம் ஒன்று குழி மூடியைத் தள்ளிற்று. டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டிற்று. அவள் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தாள். பிடிக்குள் எலும்புதான் இருந்தது.

துண்டு விலகியது. அப்பா.

மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என முணுமுணுத்துக்கொண்டு காவலாளி நழுவிவிட்டார்.

அவமானம் முதலில் வந்தது, பின்னாலேயே ஆத்திரம். வக்கீல் முகத்தில் எப்படி முழிப்பேன், ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு என் வீட்டு லட்சணம் இதுவா என்று பொரிந்து தள்ளினாள். என் சமையல் வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றாள்.

அவர் நிதானமாக ஒரு கை சருகை அள்ளிச் சோற்றின்மேல் தூவினார். வீட்டு வாளியில் போட்டால் நீ பார்த்துவிடுவாய், இங்கே போட்டால் உன் கொடிக்காவது ஆகும் என்று நினைத்தேன், எலி வரும் என்று தோன்றவில்லை என்றார். உன் கைப்பக்குவத்துக்கு ஒரு குறையுமில்லை, மூடியைத் திறந்தாலே வாசனை ஆளைத் தூக்குகிறது என்றும் சொன்னார்.

"அப்புறம் என்னப்பா? இப்பத்தான் நாலு பேரோட சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கேன். அது ஒங்களுக்குப் பொறுக்கலயா?"

அதற்குத்தான் அவர் நிமிர்ந்தார்.

"அந்தச் சிரிப்பு நின்னுடக்கூடாதுன்னுதாம்மா சொல்லல."

"என்னத்த?"

அப்பா டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"தண்ணி மட்டும்தாம்மா தொண்டையில எறங்குது."