அதே பதில்

“தினமும் குடிப்பாரா?” கால் எலும்பு முறிந்து படுத்திருந்த தச்சரின் மனைவியிடம் நர்ஸ் கேட்டாள்.

“எங்க வீட்டுல அந்தப் பேச்சுக்கே இடமில்ல!”

“முன்ன நிறுத்தினப்போ வலிப்பு வந்துச்சா?”

“நீங்க நர்ஸா, போலீஸா?”

“சொன்னா இப்பவே மருந்து போடலாம்க்கா. மறைச்சா, குடி திடீர்னு நின்னதுல மூணாம் நாள் உயிருக்கே ஆபத்து.”

மனைவி குரலைத் தாழ்த்தினாள். “தினமும்தான். நேத்து விழுற வரைக்கும். போன வருஷம் நிறுத்தினப்போ வலிப்பும் வந்துச்சு.”

நான்காம் நாள் காலையில் தச்சர் கை நடுங்காமல் டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். “கண்டம் தாண்டியாச்சு,” என்றார் டாக்டர்.

மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் சொன்னது பொய்யின்னு எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?”

“நான் இதே வார்டுல படுத்திருந்தப்போ எங்க அம்மாவும் அதே பதிலைத்தான் சொன்னாங்க. மூணாம் நாள் வலிப்பு வந்து செத்துப் பிழைச்சேன்.” நர்ஸ் நிமிர்ந்து நின்று சிரித்தாள். “குடியை விட்டு ஆறு வருஷம் ஆச்சுக்கா!”