பேரைச் சொன்ன நாள்

நாகலிங்கத்தின் தலைமாட்டில் விழிப்பு விளக்கு அணைந்தே கிடந்தது. உள்ளே நினைவு இருந்தால், நெருங்கியவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அது பச்சையாக எரியும். எரியாவிட்டால் மூச்சுக் குழாயை எடுத்துவிடலாம் என்பது சட்டம்.

"பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்மா. வேற வார்த்தைய மெஷின் ஏத்துக்காது," என்றாள் நர்ஸ்.

மனைவி வடிவாம்பாளுக்கு நா எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு போடும்போதுகூட மகன்தான் சொன்னான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நாகலிங்கம்... நாகலிங்கம்..." என்றாள்.

விளக்கு எரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை, அடுப்படியிலிருந்து வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். "ஏங்க, காப்பி ஆறுது!"

மகன் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அப்பா இல்லம்மா."

"தெரியும்டா. ஆனா பேரைச் சொன்னா, நான்தான்னு அவருக்கு எப்படிடா தெரியும்? யாரோ வேத்தாள் கூப்பிடுறாங்கன்னு பேசாம இருந்துட்டாருடா."