இரண்டுக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே

"இதை அடிச்சிடுங்க டீச்சர்" என்று சிவப்பு மைப் பேனாவை நீட்டினார் தலைமையாசிரியர் தட்சணாமூர்த்தி.

அந்தோணியம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை.

மேசைமேல் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்கள் இரண்டு விரிந்து கிடந்தன. இரண்டிலும் ஒரே கேள்வி. 12 ÷ 2(1 + 2).

ஒன்றில் விடை 2. மற்றதில் 18.

இரண்டுக்கும் அவள் முழு மதிப்பெண் போட்டிருந்தாள். வகுப்பில் இந்த இரண்டில் எதை எழுதிய பிள்ளைக்கும் அப்படித்தான் போட்டிருந்தாள்.

பதினெட்டு என்று எழுதிய சின்னப்பாப்பா அறை வாசலில் நின்றாள். உப்பளத்தில் வேலை செய்யும் கன்னியப்பனின் மகள். லீவு நாட்களில் அப்பாவோடு அவளும் பாத்தியில் இறங்கி உப்பு வாருவாள். குதிகால் இரண்டும் வெடித்து வெளுத்திருந்தன.

அந்தக் கணக்கையும் சேர்த்தால் அவளுக்குச் சரியாக முப்பத்தைந்து. அடித்துவிட்டால் ஃபெயில்.

1974 ஏப்ரல். மரக்காணத்தில் உப்பு நன்றாக விளையும் காலம். ஃபெயிலானால் படித்தது போதும், பாத்திக்கு வந்துவிடு என்று கன்னியப்பன் சொல்லிவிட்டான். அது அங்கே இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

தட்சணாமூர்த்தி கெட்டவர் இல்லை. வினாத்தாள் பல பள்ளிகளுக்கும் பொதுவாக அச்சாகி வந்தது. அதோடு வந்த விடைக் குறிப்பில் 2 என்றுதான் இருந்தது. அதைத் தாண்டி மதிப்பெண் போட்டால், நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தார்.

சின்னப்பாப்பாவை உள்ளே கூப்பிட்டார்.

"எப்படிம்மா பதினெட்டு வந்துச்சு?"

"மொதல்ல அடைப்புக்குறி சார். மூணு. அப்புறம் இடப்பக்கத்துலேர்ந்து வந்தேன். பன்னெண்டை ரெண்டால வகுத்தா ஆறு. ஆறு மூணு பதினெட்டு."

"விடை ரெண்டுன்னு போட்டிருக்குது. உன்னுது தப்புன்னு இப்ப தெரியுதா?"

அவள் டீச்சர் பக்கம் திரும்பவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"இல்லீங்க சார்."

அவளை வெளியே போய் நிற்கச் சொன்னார். ஜன்னல் வழியாக உப்பங்காற்று சூடாக வந்து விடைத்தாள்களைப் புரட்டியது. அந்தோணியம்மாள் அவற்றைக் கையால் அழுத்திப் பிடித்தாள்.

"ரெண்டுக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவுல ஒரு குறியும் இல்லீங்க சார். ஒட்டிக் கெடக்குதே, அது ஒண்ணுதான்னு எடுத்தா ஆறு. பன்னெண்டை ஆறால வகுத்தா ரெண்டு. நடுவுல பெருக்கல் இருக்குதுன்னு எடுத்து வரிசையாப் போனா பதினெட்டு. எப்படி எடுக்கணும்னு கேள்வி சொல்லல. அது சொல்லாததுக்கு என் பொண்ண நான் ஃபெயில் பண்ண மாட்டேன்."

"நீங்க பண்ணலன்னா நான் பண்ணணும்."

"பண்ணுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தட்சணாமூர்த்தியின் குரல் உயர்ந்தது. "கேள்வி எடுத்தவரு ரெண்டுன்னு நெனச்சுத்தானே எடுத்திருக்காரு? அவரு மனசுல இருந்ததுதான் சரி. யாரோ பெரிய அனுபவஸ்தர். அவரு எழுதினதைக் கோளாறுன்னு சொல்ல நீங்க யாரு டீச்சர்?"

பொது வினாத்தாளை எடுப்பது யார் என்று எந்தப் பள்ளிக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அந்த வாய்ப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஆசிரியர்கள் உண்டு. வெளியே சொல்லிவிட்டவரை மறுபடி அழைக்க மாட்டார்கள், மேலிடத்தில் விளக்கமும் கேட்பார்கள்.

அதுவரை நின்றே பேசிக்கொண்டிருந்த அந்தோணியம்மாள், அவர் சொல்லாமலேயே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டுன்னு நெனச்சுத்தான் அந்தக் கேள்விய எழுதினேன் சார். பதினெட்டும் வரும்னு இந்தப் பொண்ணு பேப்பரைத் திருத்தும்போதுதான் தெரிஞ்சுது."

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க சொன்னது என் காதுல விழலன்னு வெச்சுக்கலாம். இதை மட்டும் அடிச்சிடுங்க."

"விழுந்துடுச்சு சார்."

"அப்ப நான் மேல எழுதியாகணும்."

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி அவளுக்குப் பாஸ் போட்டுடுங்க."

அன்று மாலைக்குள் அவர் இரண்டையும் எழுதினார்.