பூனை படுத்திருந்த அடுப்பு

அடுப்புக்குள் பூனை குட்டி போட்டிருந்தது.

மூன்று குட்டிகள். பழைய சாம்பல் மேல் யாரோ ஒரு கிழிந்த சாக்கை விரித்திருந்தார்கள். அதில் சொகுசாகப் படுத்திருந்தன. தாய்ப்பூனை என்னை ஏற இறங்கப் பார்த்தது. இவளால் ஆபத்தில்லை என்று முடிவு செய்தோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டது.

"இந்த அடுப்புலதான் மேடம் காலைல சோறு ஆக்குனேன்" என்றாள் அங்காளம்மாள்.

அவள் அந்தப் பால்வாடியின் ஆயா. பத்தொன்பது பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். பக்கத்தில் வடித்து வைத்திருந்த சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் நகராட்சிக் கட்டடங்களில் மின்சாரம் எப்படிச் செலவாகிறது, எங்கே வீணாகிறது என்று பார்த்து எழுத வந்தவள் நான். எனர்ஜி ஆடிட். அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. விறகில் சமைக்கிற கட்டடங்களைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தால், புது வயரிங்கும் கரண்ட் அடுப்பும் போட்டுத்தர ஓர் அறக்கட்டளை நிதி தருகிறது.

ஆனால் ஆடிட் என்ற சொல்லைக் கேட்டால் இங்கே யாருக்கும் வயரிங் ஞாபகம் வருவதில்லை. மெமோதான் ஞாபகம் வருகிறது. நான் கையில் கரண்ட் அளக்கும் மீட்டரோடு ஆட்டோவை விட்டு இறங்கியதுமே அங்காளம்மாள் சமையலறைக்குள் ஓடியதைப் பார்த்தேன்.

எதை ஒளித்தாள் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பிளக் எட்டிப் பார்த்தது. மூட்டையை நகர்த்தினேன். கரண்ட் அடுப்பு. தொட்டால் இன்னும் சுட்டது.

சுவரில் இருந்த சுவிட்ச் போர்டு கருகி, ஒரு ஓரம் உருகிப்போயிருந்தது. ஒரு லைட்டுக்கும் ஃபேனுக்கும் என்று எந்தக் காலத்திலோ இழுத்த வயர் அது. என்றைக்கு வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும். அடுத்த அறையில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அடுப்பு எங்க வீட்டுது மேடம். கரண்டு மட்டுந்தான் இங்கன உள்ளது. மேல எழுதிப் போட்டுறாதிய, என் வேலை போயிரும்." அவள் கண் கலங்கிவிட்டது.

அறக்கட்டளையின் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் செத்த நேரம் யோசித்தேன்.

உண்மையை எழுதினால், இங்கே ஏற்கெனவே கரண்டில்தான் சமைக்கிறார்கள், உதவி தேவையில்லை என்று பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். இவள் அடுப்பும் பறிபோகும். இவள் சொன்ன பொய்யை எழுதினால் புது வயரிங் வரும், புது அடுப்பும் வரும். இவ்வளவு வசதியான ஒரு பொய்யை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அவளை உட்காரவைத்து விளக்கிச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நம்பியதும் முகமே மாறிவிட்டது. புது அடுப்பு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கையை விரித்துக் காட்டிக் கேட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். படிவத்தோடு, எரிகிற விறகடுப்பின் படம் வேண்டும்.

"செத்த நேரம் பத்த வைங்கக்கா. ஒரே ஒரு போட்டோ" என்றேன்.

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டிகளுக்காக யோசிக்கிறாள் என்று நினைத்தேன். நான் எடுத்து வைக்கிறேன் என்று குனிந்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவளே ஒவ்வொன்றாக முந்தானையில் எடுத்துப்போய் முட்டை வந்த அட்டைப்பெட்டியில் விட்டாள். தாய்ப்பூனை முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனது.

கொல்லையில் கிடந்த சீமைக்கருவேல விறகு மழையில் நனைந்திருந்தது. தீ வருவதற்கு முன்னால் புகை வந்தது. அவள் ஊதுகுழலை எடுத்துக் குனிந்து ஊதினாள்.

நான் வாசற்படியில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் கிட்டக்கப் போங்க, முகம் தெரியட்டும் என்றேன். போனாள். மறுபடி ஊதினாள். ஐந்து படம் எடுத்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று எனக்குள் பெருமை வேறு.

ஊதுகுழல் உருண்டு வந்து என் காலில் இடித்தது.

அங்காளம்மாள் சுவரைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். அவள் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

நான் கத்துவதற்குள் டீச்சர் காளீஸ்வரி வகுப்பிலிருந்து ஓடி வந்துவிட்டார். கையில் இன்ஹேலர். அவளை முற்றத்துக்கு இழுத்துப்போய், வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ரெண்டு வருசமா ஒன்னய அந்த அடுப்புக்கிட்ட அண்ட விடாம வச்சிருக்கேன். யாரு பத்த வைக்கச் சொன்னது?"

சொன்னது நான்தான். அதை ஒத்துக்கொள்ள அவமானமாக இருந்தது. உள்ளே ஓடி, ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டி அணைத்தேன்.

திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போட்டோ நல்லா விழுந்துருக்கா மேடம்?" என்றாள். "இல்லன்னா சொல்லுங்க. இன்னொருக்க ஊதிருதேன்."

செல்லை எடுத்துப் பார்த்தேன். "நல்லா விழுந்துருக்குக்கா" என்று சொல்லி, அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து படத்திலும் அடுப்பு இல்லை, அவள் முகமும் இல்லை. வெறும் புகை.

அதைத்தான் படிவத்தோடு அனுப்பினேன்.