புருஷன் பேரு

"மொகுடி பேரு? புருஷன் பேரு?"

சத்தியநாதன் தெலுங்கில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் கேட்டார். வெதுருகுப்பத்துக்கு அப்பாலிருந்த அந்தப் பஞ்ச நிவாரண முகாமில், எந்தப் பெண் எந்த மொழிக்காரி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பசி எல்லாரையும் ஒரே சாடையாக்கி வைத்திருந்தது.

"எத்திராஜ்" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற சந்திரம்மா. வற்றிய கிணற்றில் கல் விழுவதுபோல் சட்டென்று விழுந்தது பெயர். அவர் அவளுக்கு அரிசிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மழை பொய்த்து மூன்று வருஷம். ஆந்திர ராஜ்யம் பிறந்து இரண்டு மாதம். புது சர்க்காரின் சட்டம் எளிமையானது. ஆம்பிளை இருக்கும் வீட்டார் ரோட்டு வேலைக்குக் கருங்கல் உடைக்கப் போக வேண்டும். விதவைகளுக்கு மட்டும் வாரம் ஒருமுறை இலவச அரிசி. தண்டோரா போட்ட மறுநாளே சுற்றுவட்டாரத்தில் விதவைகள் பெருகிவிட்டார்கள். அதில் நிஜத்தையும் பொய்யையும் பிரித்தெடுப்பதுதான் சித்தூரிலிருந்து வந்த குமாஸ்தா சத்தியநாதனுக்கு வேலை.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கேள்வி. கட்டியவன் உயிரோடு இருக்கும்வரை அவன் பெயரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். செத்தவனுக்குக் குறைய ஆயுசு ஏது? அவர் மனைவி கிருபாபாயே, கல்யாணத்தன்று பாதிரியார் சொல்லச் சொன்னதால் சபை முன்னால் ஒரு தரம் அவர் பெயரை முணுமுணுத்தவள், பதினோரு வருஷமாக மறுபடி சொன்னதில்லை.

காலையில் இதைக் கேட்டதும் தலையாரி முனிசாமி சிரித்தான்.

"நல்ல கண்ணியா வெச்சீங்க, சார். நம்ம பொம்பளைங்க பட்டினி கெடப்பாங்க, பேரு மட்டும் சொல்ல மாட்டாங்க."

சந்திரம்மாவுக்குப் பின்னால் நின்றவள் சுலோசனா. இடுப்பில் ஒரு குழந்தை. புடவையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. நெற்றி வெறுமையாக இருந்தது, கழுத்தும் அப்படியே.

"ஐப்பசியில பூட்டாரு, சாமி" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

"பேரு?"

அவள் சந்திரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோவர்த்தனன், சாமி" என்று சந்திரம்மா எடுத்துக் கொடுத்தாள்.

"உன்னைக் கேக்கலை. அந்தம்மா சொல்லட்டும்."

சுலோசனாவின் உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி முயன்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

உண்மை அதற்கப்புறம்தான் வந்தது. கல் உடைக்கும் இடத்தில் பாறை சரிந்து புருஷன் காலை நசுக்கி இருபது நாளாகிறது. கால் வீங்கிச் சீழ் வைத்து, காய்ச்சலில் கிடக்கிறான். வீட்டில் அடுப்பு மூட்டி இரண்டு நாள்.

சத்தியநாதன் கல்நெஞ்சர் அல்ல. திருப்பதிக்குக் கூட்டிப்போய், வேலை செய்ய இயலாதவன் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் அரிசி தருவதாகப் பொறுமையாகவே சொன்னார்.

"இன்னாத்துல இட்டுக்கினு போறது, சாமி? மாட்டை வித்துத் துன்னாச்சு."

விதவைகள் ஜாபிதாவில் அவள் பெயரை அடித்தார். அன்றைக்கு அது இருபத்துமூன்றாவது.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சட்டம் சரி, கேள்வி சரி, கிடைத்த பதிலும் சரி. ஆனாலும் கிருபாபாய் இலையில் பரிமாறும்போதெல்லாம், சத்தம் வராமல் பிரிந்த அந்த உதடு கண்ணில் வந்து நின்றது.

அடுத்த வாரம் வரிசையில் முதல் ஆளாக நின்றாள் சுலோசனா. குழந்தைகளைக் கூட்டி வரவில்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. அவர் பேனாவை மையில் தோய்த்தார்.

அவளே சொன்னாள்.

"கோவர்த்தனன்."

கம்மாமல், திக்காமல், வரிசையின் கடைசி ஆள்வரை கேட்கும்படி சொன்னாள். பின்னால் நின்ற சந்திரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முனிசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

என்றைக்கு என்று கேட்க வேண்டும். ஜாபிதாவில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. அவர் கேட்கவில்லை. போன வாரம் நாலு படி அரிசி கொடுத்திருந்தால் ஒருவேளை அவன் பிழைத்திருப்பான். ஒரு வாரத்துக்கு எழுத வேண்டிய சீட்டை இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவள் கும்பிடவில்லை, சீட்டை வாங்கிக்கொண்டு அரிசி அளக்கும் இடத்துக்கு நடந்தாள்.

"கல்லு உடைக்கறதுல அவனாட்டம் ஆளு இல்ல, சார்" என்றான் முனிசாமி. "பாவம், பூட்டான்."

சத்தியநாதன் அடுத்தவளைக் கூப்பிடாமல், அரிசி மூட்டையோடு போகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு புங்கமரம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தவளாய் அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். ஏழுமலை இருக்கும் திசையைப் பார்த்து நின்று, கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் முகாம்வரை கேட்டது. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் கயிற்றை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றி, கழுத்தில் கட்டிக்கொண்டாள்.