நெத்திலியும் நஞ்சுக்கொடியும்

பிரசவ வார்டில் காலையிலிருந்து மூன்று பேர் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான்காவது கட்டிலில் நிறைமாதமாக இருந்த முத்துச்செல்வியிடம் தயக்கத்தோடு படிவத்தை நீட்டினாள், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ரோகிணி.

"வாரத்துல எத்தனை நாள் மீன் சாப்பிடுவீங்கக்கா?"

"மூணு நாள். கடல் தூரமா இருந்தா என்ன, காளவாசல் மார்க்கெட்டுக்கு மீன் வந்துருதுல்ல?"

"நெத்திலியக் குடலோட சாப்பிடுவீங்களா?"

"அம்புட்டுப் பொடிசுல குடல யாரு எடுக்குறா?"

"மீன்ல இருக்குற பிளாஸ்டிக் துகள் நஞ்சுக்கொடி வரைக்கும் போகுதான்னு ஒரு ஆராய்ச்சி மேடம் பாக்குறாங்கக்கா. பிரசவம் முடிஞ்சதும் உங்க நஞ்சுக்கொடிய ஆராய்ச்சிக்குக் கேக்குறாங்க."

"போயிருந்தா பிள்ளைக்கு என்ன ஆகும்?"

"அது இன்னும் சரியாத் தெரியலையாம். அதத்தான் தேடுறாங்க."

முத்துச்செல்வி வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"பயமா இருந்தா விட்ருங்கக்கா. மூணாவது கட்டில் அக்கா என்னைய நல்லாக் கேட்டுட்டாங்க. 'ஊரார் பிள்ளைன்னா கேப்பாக. இதக் கேக்குற மேடம் தன்னோடதக் குடுப்பாகளா?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் அந்த மேடத்தப் பாத்ததே இல்லையே!"

முத்துச்செல்வி பேனாவை வாங்கி, 'தாய்' என்ற இடத்தில் கையெழுத்திட்டாள். பிறகு கீழே, 'ஆராய்ச்சியாளர்' என்ற இடத்திலும் அதே கையெழுத்தைப் போட்டாள்.

"இப்பப் போயி அந்த அக்காகிட்டச் சொல்லு தங்கச்சி, மேடம் தன்னோடதக் குடுத்துட்டாகன்னு."